நாயும் நான்கு கிராமங்களும்

பாபிலோன் நாட்டைப் பாரசீகச் சக்கரவர்த்தியின் பிரதிநிதி ஒருவன் ஆண்டுவந்தான். திரிதந்தைக்மஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அவனைப் பற்றி ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கும் செய்தி மனத்தில் சுலபமாக நுழைந்துவிடுகிறது. பிறகு வெளியே போக மறுக்கிறது. அந்த அதிகாரி இந்தியாவிலிருந்து வந்த வேட்டை நாய்களை ஏராளமாக வளர்த்தானாம். சமவெளியில் இருந்த நான்கு பெரிய கிராமங்களுக்கு மற்ற வரிகள் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக அந்த நாய்களுக்குத் தீனி கொடுக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியது இது. நம் நாட்டு நாயைப் பற்றி அந்நியர் எழுதிய பழைய குறிப்புகளில் ஒன்று. 'பார்த்தீர்களா, நம் நாய்களுக்கு அந்தக் காலத்திலேயே எத்தனை மதிப்பு!' என்று இதைப் படித்தவர்கள் சந்தோஷப்படுவது உண்டு. எனக்கோ நினைவு அந்த நான்கு கிராமத்துக்காரர்களிடம் போகிறது. காலையில் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நாய்க் கொட்டடிக்குப் போனவன் யார்? குட்டி போட்ட நாயோடு இரவெல்லாம் கண்விழித்தவன் யார்? சரித்திரம் அவன் பெயரைச் சொல்லவில்லை. நாய்களின் பெயரையும் சொல்லவில்லை.

எனக்கு இந்தக் கவலை வந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கிரேட் டேன் இருந்தது. பீமன் என்று பெயர் வைத்திருந்தோம். ஸ்ரீரங்கத்து வீடுகளின் அமைப்பு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ரயில் வண்டியைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பீமன் ரேழியில் படுத்துவிட்டால் அவனைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது, தாண்டவும் முடியாது. தபால்காரர் திண்ணையோடு நின்றுவிடுவார். என் தாயார் முதல் மாதம் ஆசாரம் பார்த்துக் கூடத்துப் பக்கம் அவனை வரவிடவில்லை. மூன்றாவது மாதம் தயிர்சாதத்தைப் பிசைந்து, 'இன்னும் ஒரு பிடி வாங்கிக்கோடா, கண்ணு' என்று கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தாள். இறைச்சிக்கு மட்டும் கொல்லைக் கோடியில் தனி அடுப்பு; அதற்கு ஓர் ஆள்.

விடியற்காலையில் விசுவரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் பெருமாள் சந்நிதிக்கு முன்னால் வந்து நிற்பது இந்த ஊர் வழக்கம். யானைக்குப் பாகன் உண்டு. கோயிலிலிருந்து தீனி உண்டு. அந்த நேரத்தில் பீமனைச் சங்கிலியோடு கொள்ளிடக் கரைக்கு நடத்திப் போகும்போது நான் நினைத்துக்கொள்வேன்: 'பெரிய உருவத்தைப் பெரிய ஸ்தாபனம்தான் தாங்கும். நான் ஒற்றை ஆள் எந்தத் தைரியத்தில் இதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்?'

கிரேட் டேன் என்று பெயரே ஒழிய, டென்மார்க்குக்கும் அந்த நாய்க்கும் சம்பந்தம் இல்லை. அதை உருவாக்கியவர்கள் ஜெர்மானியப் பிரபுக்கள். காட்டுப்பன்றியைப் பிடித்து நிறுத்துவதற்காக வளர்த்தார்கள். அவற்றில் பொறுக்கியெடுத்த சிலவற்றைப் படுக்கையறை வாசலில் காவலுக்கும் வைத்தார்கள். 1880-ல் பெர்லினில் கூடித் தங்கள் தேசத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மட்டும் டென்மார்க்கை விடவில்லை. இன்றைய விதிப்படி ஆண் நாய்க்குத் தோளுயரம் குறைந்தது 80 சென்டிமீட்டர் இருக்கவேண்டும்.

பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டி இருக்கும் குட்டி ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ நூறு மடங்காகிறது. எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது. இன்னும் வளரட்டும் என்று சத்து மருந்துகளை அள்ளிக் கொடுத்தால் மூட்டுகள் கெட்டுப்போகும். நெஞ்சுக்கூடு ஆழமானது, அதனால் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. அப்படி ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை; இல்லாவிட்டால் நாய் இல்லை. ஒரே வேளையில் வயிறு நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடவேண்டும். தின்றவுடன் ஓடவிடக் கூடாது. இத்தனையும் செய்தாலும் ஆயுள் ஏழிலிருந்து பத்து ஆண்டுதான். நாய் ஜாதியில் உருவம் பெருக்கப் பெருக்க ஆயுள் குறைகிறது. சின்ன நாய் பதினான்கு, பதினைந்து ஆண்டு இருந்துவிட்டுப் போகிறது. எட்டாம் வயதில் பீமனுக்குப் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. அறுபது கிலோ உடம்பை, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, இரண்டு பேராக முற்றத்திலிருந்து கொல்லைக்குத் தூக்கிப் போவோம். ராஜாக்கள் யாரும் இந்த வேலையைச் செய்திருக்கமாட்டார்கள் என்று அப்போது தோன்றும்.

ராஜாக்கள் செய்தது வேறு. கி.மு. 326-ல் அலெக்சாண்டர் பஞ்சாபுக்கு வந்தபோது, ஸோபைதிஸ் என்று கிரேக்கர்கள் அழைக்கும் சிற்றரசன் அவனுக்கு 150 நாய்களைக் காணிக்கையாகக் கொடுத்தான். அவற்றின் வீரத்தைக் காட்டச் சிங்கத்தின் மேல் நாலு நாய்களை ஏவினான். கவ்விய பிடியை ஒரு நாய் விடவில்லை. காலை வெட்டச் சொன்னான், வெட்டினார்கள், அப்போதும் விடவில்லை. கிரேக்க ஆசிரியர்கள் இதை வியந்து வியந்து எழுதுகிறார்கள். வியக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாய்க்கு யாரேனும் தினமும் சோறு வைத்திருப்பார்கள் அல்லவா? அவனும் அந்தக் கூட்டத்தில் நின்று இதைப் பார்த்திருப்பான்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபத்துத் தூண்களைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள்; மேலே வீரர்கள்; கீழே ஈட்டிக்கு இரையாகும் புலி. வேட்டையை ராஜாங்கமாகக் கருதிய காலத்தின் நினைவு அது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதுரை நாயக்கர்களின் தலைநகரம் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை இங்கிருந்துதான் ஆண்டாள். அவர்கள் ராஜ்யத்தில் தெற்கே எழுபத்திரண்டு பாளையங்கள். பாளையக்காரர்களுக்கு வேட்டை உண்டு, காவல் உண்டு. இரண்டுக்கும் நாய் வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்களின் பெயரையே தாங்கிய நாய் இனங்கள் அந்தத் தெற்குச் சீமையைச் சேர்ந்தவை. விஜயநகரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் ராஜபாளையம் நாயைப் பேணி வளர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

ராஜபாளையம் நாய் நம் நாட்டு நாய்களில் நல்ல உயரம். தோளுயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர். தூய வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பார்ப்பதற்கு ராஜகளைதான். ஆனால் அந்த வெள்ளைக்கும் ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களுக்கு உட்காதிலும் வேலை உண்டு. அவை அங்கே இல்லாமற்போனால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் பட்டுப்போகின்றன, குட்டி செவிடாகிவிடுகிறது. வெள்ளையிலும் வெள்ளையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்ததில் செவிட்டுக் குட்டிகளும் சேர்ந்து வந்துவிட்டன. கிரேட் டேனிலும் இப்படி ஒன்று உண்டு. புள்ளி நிறத்துக்காக ஒரே மாதிரி இரண்டைச் சேர்த்தால் சில குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவும், செவிடாகவும், சில சமயம் குருடாகவும் பிறக்கும். மனிதன் கண்ணுக்கு அழகு வேண்டும் என்றான். குட்டி தன் காதைக் கொடுத்தது.

பாளையங்கள் போய் ஜமீன்கள் ஆயின. ஜமீன்களையும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. குடியானவனுக்கு அது விடுதலை; அதில் சந்தேகம் இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதுவும் நியாயமே. ஆனால் இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் பெரிய நாய்க்குச் சோறும் போயிற்று, வேலையும் போயிற்று. மானியம் இல்லாத பெரிய உருவமாக அது தெருவில் நின்றது. அரசாங்கத்துக் கால்நடைத் துறையினர் சைதாப்பேட்டையில் ஒரு நிலையம் வைத்து நாட்டு நாய்களை வளர்த்து விற்றதுண்டு. 2005 ஜனவரி 9-ஆம் தேதி தபால் இலாகா நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது; ராஜபாளையமும் அதில் ஒன்று. தபால்தலை நல்ல மரியாதைதான். ஆனால் அது சோறு ஆகாதே!

பெரிய நாயைச் சரித்திரம் எங்கேயாவது பெயர் சொல்லி நினைத்திருக்கிறதா என்று நான் தேடியதுண்டு. இரண்டு கற்கள் கிடைத்தன.

மாண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் இருந்த கல் ஒன்று. இப்போது பெங்களூர் அரசாங்கக் காட்சிசாலையில் இருக்கிறது. கி.பி. 949-ஐ ஒட்டியது. தக்கோலப் போரில் முதற் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் மாண்டதைச் சொல்லும் கல் அது. சோழ நாட்டாராகிய நமக்கு அது துக்கச் செய்தி. அந்தப் போரில் வென்ற பக்கத்து வீரன் மணலேரன். 'என்ன வேண்டும், கேள்' என்றான் அவன் தலைவன் கங்க மன்னன் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்ற நாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டும் செத்தன. மணலேரன் கல் நாட்டினான், நிலம் விட்டான், பூசைக்கும் ஏற்பாடு செய்தான். ஒரு சோழ இளவரசனின் மரணமும் ஒரு நாயின் மரணமும் ஒரே கல்லில்!

மற்றொன்று நம் தமிழ்நாட்டிலேயே, செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு. தன் எருமைகளைக் காக்கும்போது மாண்டுபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த நடுகல். வீரனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவலாக நின்ற செய்தியையும் கல் சொல்கிறது.

எருமை மேய்த்தவன் வீட்டு நாய் அது. நான்கு கிராமங்களைத் தின்ற பாபிலோன் நாய்களில் ஒன்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. காலை வெட்டினாலும் பிடியை விடாத அந்த நாயின் பெயரும் தெரியாது. கோவிவன் பெயர் தெரிகிறது. அதைக் கூப்பிட்டுச் சோறு வைத்த வீட்டார் சொல்லித்தானே சிற்பி எழுதியிருக்கவேண்டும்? ராஜா செலவுக் கணக்கு வைத்துக்கொண்டான். கூட இருந்தவன் பெயரை வைத்துக்கொண்டான்.

இப்போது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பெரிய ஜாதி நாய்க்குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் பலர். படத்தைக் காட்டி என்னிடம் யோசனை கேட்கிறவர்களும் உண்டு. நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். கோடைக்காலத்துப் பகலில் அதற்கு எங்கே குளிர்ச்சியான தரை வைத்திருக்கிறீர்கள்? நடு இரவில் வயிறு உப்பினால் கூப்பிட எந்த வைத்தியர் இருக்கிறார்? எட்டாம் ஆண்டில் அது எழுந்திருக்க முடியாதபோது, துண்டின் மறு முனையைப் பிடிக்க வீட்டில் இன்னொரு ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். ஒரு நல்ல பெயரும் வையுங்கள். நான்கு கிராமங்கள் சுமந்த பாரத்தை இனி உங்கள் வீடு ஒன்றே சுமக்கவேண்டும்.