மேசையில் உட்கார்ந்தே ஓர் ஆக்‌ஷன் படம்: கதாபாத்திர விளையாட்டை ஆடுவது எப்படி?

"சுட்டுட்டேன், நீ செத்துட்டே!"

"இல்ல, படவே இல்ல!"

கெடாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டினால், மறுநாள் லயத்து வாசலில் அதே படம் மீண்டும் நடக்கும். குச்சி வாளாகும், கை துப்பாக்கியாகும். ஆனால் அடி பட்டதா, படவில்லையா என்பதில்தான் விளையாட்டு முறியும்.

அந்தத் தகராறைத் தீர்க்கப் பகடையும் சில விதிகளும் சேர்த்தால் கிடைப்பதுதான் மேசைக் கதாபாத்திர விளையாட்டு.

இது என்ன விளையாட்டு?

மூன்று முதல் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். காட்சியை விவரிப்பது, வில்லனுக்கும் வழிப்போக்கனுக்கும் குரல் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "இப்ப நீங்க என்ன செய்றீங்க?" என்று அவர் கேட்பார், இவர்கள் சொல்வார்கள். செய்ய நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும்.

கேரம் போல இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. கதை ஒரு முடிவுக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்த விளையாட்டு. அது வாளும் மந்திரமும் கலந்த உலகம். பின்னர் துப்பறியும் கதை, பேய்க்கதை, விண்வெளிக் கதை என்று பல வகைகள் வந்தன.

ஆக்‌ஷன் படம் எப்படி உள்ளே வந்தது?

1996-இல் ராபின் டி. லாஸ் என்ற கனடா வடிவமைப்பாளர் 'ஃபெங் சுய்' என்ற விளையாட்டை உருவாக்கினார். ஹாங்காங் சண்டைப் படங்கள்தான் அதற்கு அடிப்படை. பெயரில்லாத அடியாள்கள் ஒரே அடியில் விழுவார்கள்; பெரிய வில்லன் மட்டும் எழுந்து எழுந்து வருவான். சண்டை நடப்பது சாப்பாட்டுக் கடை என்றால், "பக்கத்துல கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இருக்கு" என்று ஆடுபவரே சொல்லிக்கொள்ளலாம். கடையில் சட்டி இருப்பது இயல்புதானே!

2023-இல் இத்தாலியின் 'டூ லிட்டில் மைஸ்' நிறுவனம் 'அவுட்கன்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. இதில் கதையை நடத்துபவருக்குப் பெயரே 'இயக்குநர்'. உருட்டுவது நாம் பாம்பும் ஏணியும் ஆடும் அதே ஆறு முகப் பகடை.

பகடை என்ன செய்கிறது?

'அவுட்கன்ட்' விளையாட்டில் கூட்டல் கழித்தல் குறைவு. கதாபாத்திரத்தின் திறமைக்கு ஏற்ப இத்தனை பகடை என்று கையில் கிடைக்கும். உருட்டியதும் ஒரே எண் எத்தனை தடவை விழுந்தது என்று பார்க்க வேண்டும். சாதாரண வேலைக்கு ஒரு ஜோடி போதும். கடினமான வேலைக்கு மூன்று பகடைகளில் ஒரே எண் வேண்டும்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். மூன்று பகடைகளில் ஒரு ஜோடியாவது விழும் வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு. நான்கில் 72, ஐந்தில் 91. அதே ஐந்து பகடைகளில் மூன்று ஒரே எண்ணாக விழுவதற்கு 21 விழுக்காடுதான் வாய்ப்பு. அதனால் ஓடுவது, ஒளிவது எல்லாம் கெட்டிக்காரருக்குச் சுலபம். ஓடும் ரயில் மேல் குதிப்பது யாருக்கும் சுலபமில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு ஜோடி கிடைத்த பிறகு, மீதிப் பகடைகளை மறுபடி உருட்டிப் பார்க்கலாம். அதில் முன்னேற்றம் இல்லை என்றால் கையில் இருந்த வெற்றியும் பறிபோகும். மேசையைச் சுற்றி எல்லாரும் எழுந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு காட்சி எப்படிப் போகும்?

சுங்கை பட்டாணியில் சரக்கைத் திருடிய கும்பல் பினாங்குக்குத் தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இயக்குநர்: "அவங்க லாரி மூடா ஆத்துப் பாலத்துக்கு வந்திருச்சு. என்ன செய்றீங்க?"

ஓட்டுநராக ஆடுபவர்: "என் வேனைப் பாலத்துல குறுக்க நிப்பாட்டுறேன்."

இயக்குநர்: "நாலு பகடை. ஒரு ஜோடி வேணும்."

விழுந்தது 2, 3, 5, 6. ஜோடி இல்லை.

இயக்குநர்: "வேன் நின்னுச்சு. ஆனா தடுப்புக் கம்பிய உடைச்சுக்கிட்டு. முன் சக்கரம் ரெண்டும் ஆத்துக்கு மேல தொங்குது."

சிலம்ப ஆசானாக ஆடுபவர்: "அண்ணே, அசையாதீங்க! நான் பின்னால ஏறிப் பாரமா உட்கார்றேன்!"

கவனியுங்கள்: பகடை தோற்றும் கதை நிற்கவில்லை, புதிய சிக்கல்தான் பிறந்தது. நல்ல இயக்குநர் "நடக்கல" என்று மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். அவர் ஆடுபவர்களின் எதிரியும் அல்லர்.

பெற்றோர் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள்

பகடை என்றால் சூதாட்டமா? இல்லை. பணம் வைத்து ஆடுவதில்லை. வெல்வதற்குப் பரிசும் இல்லை.

சண்டைக் கதை பிள்ளைகளைக் கெடுக்குமா? 1980-களில் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மீதும் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அந்தப் பீதி அடங்கியது. ஆனாலும் இந்தக் கேள்வியை நம் ஊரில் தள்ளிவிட முடியாது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களையும் குண்டர் கும்பல்களின் இழுப்பையும் ஷாஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) திரைப்படம் காட்டியது. பாராங் கத்தி ஒருவருக்குச் சினிமாச் சாமான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வீட்டில் நடந்த துக்கமாக இருக்கலாம்.

அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்கின்றன: இது சிரிப்புப் படமா, கனமான படமா? எது வேண்டாம்? மேசை நடுவில் 'எக்ஸ்' என்று எழுதிய ஓர் அட்டையை வைப்பதும் வழக்கம். யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். ஹீரோக்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.

தொடங்க என்ன தேவை?

நான்கு நண்பர்கள், ஐந்தாறு பகடைகள், பென்சில், காகிதம், மூன்று மணி நேரம். மேலே சொன்ன இரு விளையாட்டுகளின் விதிப் புத்தகமும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. குழுவில் ஒருவர் படித்துச் சொன்னால் போதும், மேசையில் பேசுவது தமிழாகவே இருக்கலாம். வெட்கப்பட்டுப் பேசாத பிள்ளையும் "நான் கதவ ஒடைக்கிறேன்" என்று ஒரு வாக்கியமாவது சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுத்தான் கதை நகரும்.

முதல் கதைக்குத் தெரிந்த இடமே நல்லது. சுங்கை பட்டாணி மணிக்கூண்டு, குனோங் ஜெராய் மலைப்பாதை, பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம், பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த பழஞ்சிலையைத் திருட வரும் கும்பல். இடம் தெரிந்திருந்தால் ஆடுபவர்களே இயக்குநரைத் திருத்துவார்கள். "ரயில் கூரையில குதிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "மேல கரண்டு கம்பி போகுதுடா!" என்று இன்னொருவர் கத்துவார். இப்போது கெடா வழியாக ஓடுவது மின்சார ரயில்தானே. குதிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கட்டும். குதித்தால் பகடையை அவர் கையில் கொடுங்கள்.