நளினம்

வடமொழியில் ‘நளினம்’ என்றால் தாமரை. நளினி என்ற பெயரும் அந்தக் குடும்பம்தான். தமிழ் அகராதிகளிலும் தாமரை என்ற பொருள் இருக்கிறது. பேச்சில் அது உதிர்ந்துபோய், மென்மையான ஒயில் என்ற பொருளே நின்றுவிட்டது.

அழகு, எழில் எல்லாம் அசையாத பொருளுக்கும் பொருந்தும். மலையை எழில் என்போம், கோபுரத்தை அழகு என்போம். நளினம் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு அசைவு வேண்டும். கூட்டமான பேருந்தில் புடவைக் கொசுவத்தை இரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் படியேறுகிறாரே ஒரு பெண், அது நளினம். நாட்டியத்தில் கை முத்திரை சரியாக இருந்தும் நளினம் இல்லை என்று விமர்சகர் எழுதுவதும் இதனால்தான்.

பேச்சுக்கும் உண்டு. கடன் கேட்டு வந்தவரின் மனம் நோகாமல் அனுப்பிவைத்தால், ‘நளினமாக மறுத்துவிட்டார்’ என்கிறோம். ஆண்களைக் கேலி செய்ய ‘பெண் நளினம்’ என்பது மட்டும் இந்தச் சொல்லுக்கு நேர்ந்த அநியாயம்.

ஈழத்துப் பேச்சுத் தமிழில் கதையே வேறு. அங்கே ‘நக்கல் நளினம்’ என்று இரண்டும் சேர்ந்தே வரும், பொருள் கிண்டல். யாழ்ப்பாணத்து நண்பரிடம் ‘உங்கள் பேச்சில் நளினம் அதிகம்’ என்று பாராட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.