பிரெஞ்சு வீட்டுச் சமையலும் ஏடுகளும்

பிரெஞ்சுச் சமையல் என்றவுடன் பெரிய ஓட்டல்களும், வெள்ளைத் தொப்பியணிந்த சமையற்காரர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், அந்நாட்டின் புகழ்பெற்ற உணவு வகைகளுள் பல, எளிய குடும்பங்களின் அடுப்படிக்கு உரியவை. வாய்மொழியாக வழங்கிய அந்த வீட்டுச் சமையல் எவ்வாறு ஏட்டில் ஏறியது என்பதே இன்றைய பேச்சின் பொருள். புலால் உண்ணாத நேயர்களும் இதனை ஒரு வரலாறாகக் கேட்கலாம்.

'பொத்தோஃபே' என்பது பிரெஞ்சு மக்களின் பழைய உணவு. 'நெருப்பின்மேல் பானை' என்பதே அச்சொல்லின் பொருள். மாட்டிறைச்சியின் முற்றிய பாகங்களையும், காரட், டர்னிப் முதலியவற்றையும் நீரிலிட்டு, தளதளவெனக் கொதிக்க விடாமல், சிறு தீயில் பல மணி நேரம் வேகவைப்பர். மேலே திரளும் நுரையை அவ்வப்போது அகற்றுவர். தெளிந்த சாற்றை முதலிலும், இறைச்சியையும் காய்களையும் அடுத்தும் பரிமாறுவர். விலை குறைந்த இறைச்சியை மென்மையாக்குவதற்குப் பணம் வேண்டுவதில்லை, பொறுமை போதும். பர்கண்டிப் பகுதியில் சிவப்புத் திராட்சை மதுவிலிட்டு மாட்டிறைச்சியை வேகவைப்பதும் இந்த உண்மையை ஒட்டியதே.

1651-ஆம் ஆண்டில் லா வாரென் என்பவர் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முற்காலத்தில் அளவின்றிச் சேர்த்துவந்த வாசனைப் பொருள்களைக் குறைத்து, வெண்ணெய்க்கும் பச்சிலைகளுக்கும் அவர் இடமளித்தார். ஆனால் அவர் ஒரு பிரபுவின் சமையற்காரர். அவருடைய நூலும் பெருமனைகளுக்கே பொருந்தியது.

1746-இல் மெனோன் என்பவரின் நூல் வெளிவந்தது. பெயரைக் கேட்டு அவரை மலையாள நாட்டவர் என்று எண்ணிவிட வேண்டா, அவர் பிரெஞ்சுக்காரரே. 'நடுத்தரக் குடும்பத்துச் சமையற்காரி' என்பது அந்நூற் பெயரின் கருத்து. சமையல் நூல்கள் ஆண்களை நோக்கியே எழுதப்பட்ட நாளில், வீட்டில் சமைக்கும் பெண்ணை அது முன்னிறுத்தியது. அந்நூல் பல பதிப்புகள் கண்டு, 19-ஆம் நூற்றாண்டிலும் அச்சாகி வந்தது.

பின்னர்க் கரேமும் எஸ்கோஃபியேயும் தோன்றினர். 1903-இல் எஸ்கோஃபியே வெளியிட்ட பெருநூல் ஓட்டல்களுக்குச் சட்டநூல் போலாயிற்று. எனினும், சாற்றுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர் என்று பலர் பணிபுரியும் சமையலறைக்கே அது உரியது. தனியொருத்தியாக அடுப்பெரிப்பவளுக்குத் தாயின் சொல்லும் கண்ணளவுமே துணையாக இருந்தன.

தாயும் அண்டை வீட்டாரும் அருகில் இல்லாதவர் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஜூலியா சைல்ட் 1948-இல் கணவரின் உத்தியோக மாற்றலை முன்னிட்டுப் பாரிஸ் சென்றார். அப்போது அவருக்குச் சமையலில் அதிகப் பழக்கமில்லை. அங்கே முறையாகக் கற்று, சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் என்னும் பிரெஞ்சுப் பெண்மணிகள் இருவருடன் சேர்ந்து, 1961-இல் 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை வெளியிட்டார்.

அந்நூலின் சிறப்பு, செய்முறையுடன் காரணத்தையும் கூறுவதாகும். இறைச்சியின் ஈரத்தை ஒற்றியெடுத்த பின்னரே வதக்க வேண்டும். இன்றேல் அது சிவக்காது. காளான்களை வாணலியில் நெருக்கமாக இடலாகாது. இட்டால் நீர்விட்டு வெந்துவிடும். இவ்வாறு கைப்பக்குவம் எனப்பட்டது சொல்லாக மாறிற்று. அமெரிக்க மாவுக்கும் பிரெஞ்சு மாவுக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர்கள் சோதித்துப் பார்த்தனர். ஊர் மாறினால் சரக்கும் மாறும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்து மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. அங்கே சிறப்பிக்கப்பட்டது தனியொரு பண்டமன்று. திருமணம், பிறந்தநாள் போன்ற நன்னாட்களில் உற்றார் கூடியுண்ணும் வழக்கமே.

சொந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் இவ்வரலாற்றில் தம் நிலையையும் காணலாம். அன்னையின் கண்ணளவு அவர் உள்ளவரை மட்டுமே நமக்குத் துணை. அவரிடம் 'எவ்வளவு?' என்று மட்டும் கேளாமல், 'ஏன்?' என்றும் கேட்டு எழுதிவைத்தால், அது நம் மக்களுக்கும் துணையாகும்.