சார்புவெளிகளில் பொதுமைப்பட்ட விரிக்காத கோப்புகளின் நிலைப்புள்ளிக் கோட்பாடு

ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அதே கணத்தின் ஓர் உறுப்புக்கு அனுப்பும் விதி கோப்பு எனப்படும். அனுப்பிய பிறகும் இருந்த இடத்திலேயே நிற்கும் உறுப்பு அந்தக் கோப்பின் நிலைப்புள்ளி. எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைக் கூட்டாத கோப்பு விரிக்காத கோப்பு. இந்த நிபந்தனையை எல்லா இணைகளுக்கும் கேட்காமல் சிலவற்றுக்கு மட்டும் கேட்டோ, உறுப்புகள் தாமே நகரும் தூரங்களையும் கணக்கில் சேர்த்தோ தளர்த்தினால் பொதுமைப்பட்ட விரிக்காத கோப்புகள் கிடைக்கின்றன. வகைக்கெழுச் சமன்பாட்டிலும் தொகையீட்டுச் சமன்பாட்டிலும் தேடப்படுவது ஓர் எண் அன்று, ஒரு சார்பு. அத்தகைய சமன்பாட்டைப் பெரும்பாலும் சார்புகளின் வெளியில் இயங்கும் ஒரு கோப்பின் நிலைப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் கணக்காக எழுதிவிடலாம். இந்தக் கோட்பாடு வளர்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பனாக்கின் தேற்றமும் அதன் விளிம்பும்

போலந்துக் கணிதவியலர் ஸ்டெஃபான் பனாக் 1922இல் வெளியிட்ட கட்டுரையில் சுருக்கக் கோப்புத் தேற்றம் வந்தது. எமில் பிக்கார் முதலானோர் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குக் கையாண்ட அடுத்தடுத்த தோராய முறையை அது பொதுவான வெளிகளுக்குக் கொண்டுவந்தது. ஒரு கோப்பு எல்லாத் தூரங்களையும் 1ஐவிடக் குறைந்த ஒரே மாறிலியின் அளவுக்காவது சுருக்கினால், முழுமையான மெட்ரிக் வெளியில் அதற்கு ஒரு நிலைப்புள்ளி உண்டு. ஒன்றுக்கு மேல் கிடையாது. எங்கிருந்து தொடங்கித் திரும்பத் திரும்பச் செயல்படுத்தினாலும் அங்கேயே போய்ச் சேரலாம்.

மாறிலி 1ஐத் தொட்டதும் இந்த மூன்று உறுதிகளும் போய்விடுகின்றன. மெய்யெண் கோட்டில் ஒவ்வோர் எண்ணோடும் 1ஐக் கூட்டும் கோப்பு எந்தத் தூரத்தையும் மாற்றுவதில்லை, ஆனால் அதற்கு நிலைப்புள்ளியே இல்லை. எதையும் நகர்த்தாத கோப்புக்கு எல்லாமே நிலைப்புள்ளி. வட்டத்தகட்டை மையத்தைச் சுற்றி அரைச்சுற்று திருப்பினால் மையம் மட்டும் அசையாது; விளிம்பில் தொடங்கிய புள்ளியோ இரண்டு இடங்களுக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே விரிக்காத கோப்புகளுக்குக் கூடுதல் ஆதாரம் தேவைப்பட்டது. அது வெளியின் வடிவத்திலிருந்து வந்தது. 1965இல் ஃபெலிக்ஸ் பிரௌடர், டீட்ரிச் கோடே, வில்லியம் கிர்க் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சாராமல் இதைக் கண்டனர். சீர்க்குவிவு உள்ள பனாக் வெளியில், வரம்புடைய, மூடிய, குவிவான எந்தக் கணத்தையும் தனக்குள்ளேயே அனுப்பும் விரிக்காத கோப்புக்கு நிலைப்புள்ளி உண்டு என்பது அவர்களின் முடிவு. அலகுக் கோளத்தின் மேற்பரப்பில் தட்டையான பகுதியே இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரு குறைந்தபட்ச வளைவு இருப்பதுதான் சீர்க்குவிவு. தனி மதிப்பின் பி-ஆம் அடுக்கைத் தொகையிட முடிகிற சார்புகளின் எல்-பி வெளிகள், பி 1க்கும் முடிவிலிக்கும் இடையே இருக்கும்போது, இந்தப் பண்பு கொண்டவை. ஜேம்ஸ் கிளார்க்சன் 1936இலேயே அதை நிறுவியிருந்தார்.

மூவரில் கிர்க்கின் வழி சற்றே பரந்தது. பிராட்ஸ்கியும் மில்மனும் 1948இல் வகுத்த இயல்பு அமைப்பு என்ற கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட, வரம்புடைய ஒவ்வொரு குவிவுக் கணத்திலும், மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் விட்டத்தைவிடக் குறைந்த ஒரு தூரத்துக்குள் அடங்கிய புள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது அந்தப் பண்பு. நிறுவல் சுருக்கமானது. கோப்பு தனக்குள்ளேயே அனுப்பும் குவிவுக் கணங்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தால், நடுவில் அமைந்த புள்ளிகளை மட்டும் தனியே பிரிக்கலாம். தூரம் கூடாததால் கோப்பு அந்த நடுப்பகுதியையும் தனக்குள்ளேயே அனுப்பும். மிகச் சிறியது என்று எடுத்த கணத்துக்குள் அதைவிடச் சிறியது ஒன்று கிடைத்துவிட்டது, இது முரண். எனவே அந்தக் கணம் ஒரே புள்ளிதான், அதுவே நிலைப்புள்ளி. இந்தத் துறையின் மிக அழகான வாதம் இது. ஆனால் நிலைப்புள்ளி உண்டு என்று மட்டுமே இது சொல்கிறது, அதை அடையும் வழியைச் சொல்வதில்லை.

சார்புவெளிகள் கைகொடுக்காத இடங்கள்

0 முதல் 1 வரையான இடைவெளியில் தொடர்ச்சியான சார்புகளின் வெளியை எடுத்துக்கொள்வோம். இரண்டு சார்புகளின் தூரம் என்பது அவற்றின் வரைபடங்களுக்கு நடுவே உள்ள மிகப் பெரிய இடைவெளி. தொடக்கத்தில் 0, முடிவில் 1, நடுவில் எங்கும் 0க்குக் கீழோ 1க்கு மேலோ போகாத சார்புகள் மட்டும் நம் கணம். அது வரம்புடையது, மூடியது, குவிவானது. ஒவ்வோர் இடத்திலும் சார்பின் மதிப்பை அந்த இடத்தின் எண்ணாலேயே பெருக்குவது நம் கோப்பு. பெருக்கும் எண் 1ஐத் தாண்டாததால் தூரம் கூடாது. நிலைப்புள்ளி ஒன்று இருந்தால் அது 1ஐத் தவிர எல்லா இடத்திலும் 0 ஆகவும், 1இல் 1 ஆகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சார்பு தொடர்ச்சியற்றது, அந்த வெளியிலேயே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் எண்ணையே மதிப்பாகக் கொண்ட நேர்கோட்டில் தொடங்கிக் கோப்பைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தினால் வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு என்று வளைகோடுகள் வலதுமூலையை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும், எதிலும் போய் நிற்காது.

தொகையிடத்தக்க சார்புகளின் எல்-1 வெளியில் கதை இன்னும் நுட்பமானது. மெலிவாகக் கச்சிதமான (எந்தத் தொடர்முறையிலும் கணத்துக்குள்ளேயே மெலிவாக ஒருங்கும் உள்தொடர்முறை ஒன்றாவது உள்ள) குவிவுக் கணங்களில் மட்டுமாவது நிலைப்புள்ளி உறுதியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1981இல் டேல் ஆல்ஸ்பாக் அதை உடைத்தார். அவருடைய எடுத்துக்காட்டின் ஒரு வடிவத்தில், மதிப்புகள் 0க்கும் 1க்கும் இடையே அமைந்து, வரைபடத்தின் கீழுள்ள பரப்பு சரியாக ½ ஆக இருக்கும் சார்புகள் கணமாகின்றன. கோப்பு, ரொட்டிக்காரர் மாவைப் பிசையும் விதத்தில், வரைபடத்தைக் கிடையாகப் பாதியாக நெருக்கி, உயரத்தை இரட்டிக்கிறது. 1க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெட்டி வலப்பக்கப் பாதியில் இறக்கிவைக்கிறது. பரப்பு மாறுவதில்லை. இரண்டு சார்புகளின் தூரமும் கூடுவதில்லை, குறைவதுமில்லை.

இப்போது நிலைப்புள்ளி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மதிப்பு 1 ஆக இருக்கும் பகுதியின் அளவையைக் கோப்புக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தால், ½க்கும் 1க்கும் இடைப்பட்ட மதிப்புகள் வரவே முடியாது என்று தெரிகிறது. அதே கணக்கை இறக்கிக்கொண்டே போனால் ¼க்கும் ½க்கும் இடைப்பட்டவையும், அதற்குக் கீழே உள்ளவையும் ஒவ்வொன்றாக விலகுகின்றன. மிஞ்சுவது 0, 1 என்ற இரண்டு மதிப்புகள் மட்டும். அப்படியானால் சார்பு 1 ஆக இருக்கும் பகுதி இடப்பாதியிலும் வலப்பாதியிலும் ஒரே மாதிரி அமைய வேண்டும். ஒவ்வொரு கால் பங்கிலும், அரைக்கால் பங்கிலும் அப்படியே. எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும் அதில் சரிபாதி 1, சரிபாதி 0. அளவிடத்தக்க எந்தக் கணமும் அப்படி அமைய முடியாது என்று லெபேகின் அடர்த்தித் தேற்றம் தடுத்துவிடுகிறது.

அதே 1981இல் பெர்னார் மோரே, எல்-1இன் ரிஃப்ளெக்சிவ் (மூடிய அலகுப் பந்து மெலிவாகக் கச்சிதமான) உள்வெளிகளுக்கு நிலைப்புள்ளிப் பண்பு உண்டு, அதாவது வரம்புடைய, மூடிய, குவிவான எந்தக் கணத்தையும் தனக்குள்ளேயே அனுப்பும் ஒவ்வொரு விரிக்காத கோப்புக்கும் நிலைப்புள்ளி உண்டு என்று காட்டினார். ரிஃப்ளெக்சிவ் அல்லாத மூடிய உள்வெளிகள் எல்லாவற்றிலும் அந்தப் பண்பு தவறுகிறது என்பதை டௌலிங், லெனார்ட் இருவரும் 1997இல் நிறுவினர். இந்த ஒரு வெளியைப் பொறுத்தவரை கோடு தெளிவாகப் போடப்பட்டுவிட்டது.

நிபந்தனையைத் தளர்த்துதல்

ஆர். கண்ணன் 1968இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்ட தேற்றம், பனாக்கின் நிபந்தனையிலிருந்து வேறு திசையில் விலகியது. இரண்டு படிமங்களின், அதாவது புள்ளிகள் போய்ச் சேரும் இடங்களின், தூரத்தை மூலப்புள்ளிகளின் தூரத்தோடு அவர் ஒப்பிடவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதோடு ஒப்பிட்டார். அத்தகைய கோப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இதன் ஆழத்தை 1975இல் பி. வி. சுப்ரமணியம் வெளிக்கொணர்ந்தார். ஒரு மெட்ரிக் வெளியில் கண்ணன் வகைக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் நிலைப்புள்ளி இருந்தால் அந்த வெளி முழுமையானதாகவே இருக்க வேண்டும் என்று அவர் நிறுவினார். பனாக்கின் சுருக்கக் கோப்புகளுக்கு இந்த மறுதலை பொருந்தாது. சுப்ரமணியம் சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர்.

கோபெல், கிர்க், ஷிமி மூவரும் 1973இல் பனாக், கண்ணன் இருவரின் தூரங்களையும், ஒரு புள்ளிக்கும் மற்றதன் படிமத்துக்கும் இடையே உள்ள குறுக்குத் தூரங்களையும் ஒரே சமனின்மையில் சேர்த்தனர். கெழுக்களின் மொத்தம் 1ஐத் தாண்டாதவரை, சீர்க்குவிவு வெளியில் தொடர்ச்சியான கோப்புக்கு நிலைப்புள்ளி கிடைத்தது.

அதன் பிறகு வந்தவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது ஜப்பானியக் கணிதவியலர் டொமொனாரி சுசுகி 2008இல் தந்த நிபந்தனை. ஒரு புள்ளி தான் நகரும் தூரத்தில் பாதியாவது தள்ளியிருக்கும் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், அந்த இணைகளில் தூரம் கூடாதிருந்தால் சரி என்கிறது அது. 0 முதல் 3 வரையான இடைவெளியில் 3ஐ 1க்கும் மற்ற எல்லா எண்களையும் 0க்கும் அனுப்பும் கோப்பைப் பாருங்கள். 3இல் அது தொடர்ச்சியற்றது, எனவே விரிக்காத கோப்பு ஆகாது. 2.9ஐயும் 3ஐயும் எடுத்தால் 0.1 என்ற தூரம் 1 ஆக விரிகிறது. ஆனால் 3 நகரும் தூரம் 2, அதில் பாதி 1, 2.9 நகரும் தூரத்தில் பாதி 1.45. இரண்டுமே 0.1ஐவிடப் பெரியவை, ஆகவே இந்த இணை சோதனைக்கே வராது. சோதனைக்கு வரும் இணைகள் எல்லாம் தேறிவிடுகின்றன.

அந்தப் பாதி எதற்காக என்பது தோராய முறையைப் பார்த்தால் விளங்கும். 1955இல் கிராஸ்னோசெல்ஸ்கி காட்டிய வழியில், படிமத்துக்கு முழுதாகத் தாவாமல் பாதிவழி மட்டும் போகிறோம். முன்பு சொன்ன அரைச்சுற்றுத் தகட்டில் இப்படிச் செய்தால் முதல் அடியிலேயே மையம் கிடைத்துவிடும். பாதிவழி போன புதிய புள்ளி பழைய புள்ளியிலிருந்து சரியாக நகர்வின் பாதித் தூரத்தில் இருக்கிறது. சுசுகியின் நிபந்தனை கேட்பதும் அவ்வளவே. தோராய முறைக்கு எந்த இணைகளில் சமனின்மை தேவையோ அந்த இணைகள் நிபந்தனைக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் அடுத்தடுத்த புள்ளிகளின் நகர்வு 0ஐ நோக்கிக் குறைகிறது.

2011இல் கார்சியா-ஃபால்செட், லொரென்ஸ்-ஃபுஸ்டர், சுசுகி மூவரும் இதை மேலும் பரப்பினர். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றின் படிமத்துக்கு உள்ள தூரம், அந்த இரண்டு புள்ளிகளின் தூரத்தோடு முதல் புள்ளியின் நகர்வை ஒரு மாறிலியால் பெருக்கிக் கூட்டியதைத் தாண்டக் கூடாது என்பது அவர்களின் ஒரு நிபந்தனை. சுசுகியின் கோப்புகள் மாறிலி 3ஓடு இதற்குள் வருகின்றன. இதையடுத்து ஏராளமான புது நிபந்தனைகள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றின் எடுத்துக்காட்டுகள் பல, மெய்யெண் கோட்டின் ஒரு சிறு இடைவெளியிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு நிபந்தனைக்கு மதிப்பு வருவது, சுசுகியின் பாதியைப்போல, நிறுவலின் ஒரு படியை அது எங்கே தாங்குகிறது என்று சுட்ட முடிகிறபோதுதான்.

சார்புவெளிகளில் இந்த நிறுவல்களுக்கு ஒரு தனித் தடை உண்டு. மெலிவாக ஒருங்கும் தொடர்முறைக்கு அதன் எல்லையே மற்றெல்லாப் புள்ளிகளையும்விட அருகில் இருக்கும் என்ற ஓபியலின் பண்பு, தொடர்முறைகளாலான வெளிகளில் கைகொடுக்கிறது. எல்-பி சார்புவெளிகளிலோ பி 2 ஆக இல்லாதபோது அது கிடையாது. அங்கே சீர்க்குவிவை நேரடியாகப் பயன்படுத்த வேண்டும், அல்லது மெலிவாக ஒருங்குதலை விட்டுவிட்டுப் பெரும்பாலும் எங்கும் ஒருங்குதலுக்குப் போக வேண்டும். பிரெசிஸ், லீப் இருவரும் 1983இல் தந்த துணைத்தேற்றம் இரண்டாம் வழிக்கு உதவுகிறது.

மாடுலர் சார்புவெளிகள்

சில சார்புவெளிகளில் இயல்பாக அமைவது, சார்பின் அளவைத் தரும் நெறிமம் அன்று. சார்பின் தனி மதிப்பை எல்லா இடத்திலும் ஒரே அடுக்குக்கு உயர்த்தாமல், இடத்துக்கு இடம் மாறும் அடுக்குக்கு உயர்த்தித் தொகையிட்டால் கிடைப்பது ஒரு மாடுலர். சார்பை இரட்டித்தால் மாடுலர் இரட்டிக்கும் என்று சொல்ல முடியாது. முக்கோணச் சமனின்மையும் இல்லை. மின்புலத்தில் பாகுத்தன்மை மாறும் திரவங்களின் மாதிரியில் இத்தகைய வெளிகள் நேரடியாகவே தேவைப்படுகின்றன. மாடுலர் என்ற கருத்து நாகானோவிடமிருந்தும், பிறகு முசிலக், ஓர்லிச் இருவரிடமிருந்தும் வந்தது. மாடுலர் சார்புவெளிகளின் முறையான கோட்பாட்டை கொஸ்லோவ்ஸ்கி 1988இல் நூலாக்கினார். அவரும் கம்சியும் ரைக்கும் 1990இல் நிலைப்புள்ளித் தேற்றங்களை அங்கே நிறுவினர்.

மாடுலரிலிருந்து ஒரு நெறிமத்தை வருவிக்கலாம். ஆனால் அது சுற்றுவழியில் வரையறுக்கப்படுவது, கணக்கிடச் சிரமமானது. மாடுலரோ ஒரே தொகையீட்டில் கிடைத்துவிடும். மாடுலரைக் கூட்டாத கோப்பு நெறிமத்தைக் கூட்டக்கூடும் என்பதால் பழைய தேற்றங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சார்புத் தொடர்முறையின் மாடுலர் 0ஐ நோக்கிப் போனாலும், அதே சார்புகளை இரட்டித்தபின் அப்படிப் போகும் என்ற உறுதியும் பொதுவாக இல்லை. இரட்டித்தலைக் கட்டுக்குள் வைக்கும் டெல்டா-2 நிபந்தனை இருந்தால் வேலை எளிது. அது இல்லாமலே, மாடுலரின் சீர்க்குவிவை வைத்து நிறுவுவதில்தான் இந்தப் பிரிவின் பெரும் உழைப்பு இருக்கிறது.

மாடுலரைச் சாராத இன்னொரு விரிவும் உண்டு. கோப்பு ஒரு கணத்தை வேறொரு கணத்துக்கு அனுப்பினால், இரண்டும் பொதுப்புள்ளி அற்றவையாக இருக்கும்போது நிலைப்புள்ளிக்கு இடமே இல்லை. அப்போது படிமத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளியைத் தேடலாம். எல்ட்ரெட், கிர்க், வீரமணி மூவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரை, கிர்க்கின் இயல்பு அமைப்பைக் கணங்களின் இணைக்கு விரித்து இதற்கு அடித்தளமிட்டது. வீரமணியும் சென்னை ஐஐடியில் பணியாற்றியவர்.

தீராத கேள்வி

ரிஃப்ளெக்சிவ் தன்மை இல்லாமலும் நிலைப்புள்ளிப் பண்பு இருக்க முடியும் என்பதை பெய்-கீ லின் 2008இல் காட்டினார். தனி மதிப்புகளின் கூட்டல் முடிவுறும் தொடர்முறைகளின் வெளிக்கு அவர் நிகரான ஒரு புது நெறிமம் கொடுத்தார். ரிஃப்ளெக்சிவ் பனாக் வெளி எதற்கும் நெறிமத்தை நிகரான ஒன்றாக மாற்றி அந்தப் பண்பை வரவழைக்கலாம் என்று டொமிங்கெஸ் பெனவிடெஸ் 2009இல் நிறுவினார். நெறிமத்தை மாற்றாமலே எல்லா ரிஃப்ளெக்சிவ் வெளிகளுக்கும் அந்தப் பண்பு உண்டா என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.