பல்லவர் குடைவரை வாயிற்காவலரின் கொம்புகள்

சிவன் கோயில் வாயிலின் இருபுறமும் நிற்கும் துவாரபாலகரைக் கோரைப்பல், உருட்டு விழி, நான்கு கைகள் ஆகியவற்றுடன் காண்பதே நமக்குப் பழக்கம். இவ்வடிவம் சோழர் காலத்தில் நிலைபெற்றதாகும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளில் நிற்கும் காவலர் இரு கைகளே உடையவர். பெருந்தண்டின்மேல் கையூன்றிச் சற்றே சாய்ந்து நிற்பவர். விரல் நீட்டி எச்சரிக்கும் முத்திரை அங்கு முதன்மை பெறவில்லை. ஆயின் அவருள் சிலர்க்குத் தலையின் இருபக்கமும் கொம்புகள் காணப்படுகின்றன. இக்கொம்புகள் எதைக் குறிக்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

கொம்புடைமையால் இவரை நந்தி எனக் கொண்டோர் உளர். எளிதில் தோன்றும் விளக்கம் இது. எனினும் இணையாக நிற்கும் மற்றவர் யார் என்னும் வினாவுக்கு இதில் விடையில்லை. மைக்கேல் லாக்வுட் முதலானோர் வேறொரு விளக்கம் தந்தனர். கொம்புகள் இரண்டும் திரிசூலத்தின் பக்கக் கூர்கள். நடுவில் உயர்ந்த மகுடமே நடுக்கூர். அஃதாவது, இக்காவலர் சூலத்தின் ஆள்வடிவம். செங்கற்பட்டை அடுத்த வல்லம் குடைவரை இதற்கு வலுவான சான்று. மகேந்திரனுக்குக் கீழ்ப்பட்ட வயந்தப்பிரியரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்தது அக்கோயில் என அங்குள்ள தமிழ்க் கல்வெட்டால் அறிகிறோம். அங்கு ஒரு காவலர்க்குக் கொம்புகள் உள்ளன. மற்றவரின் மகுட முன்புறத்தில் மழுவின் அலகு துருத்தி நிற்கிறது. சூலமும் மழுவும் சிவனின் படைக்கலங்கள். இணையர் இருவரையும் ஒருங்கே விளக்குவதால் இக்கருத்தே ஏற்புடைத்து.

படைக்கலத்தை ஆளாக வடிக்கும் மரபு பல்லவர் தோற்றுவித்ததன்று. மத்தியப் பிரதேசத்து உதயகிரியில், குப்தர் ஆண்டு 82 (கி.பி. 401-402) பொறிக்கப்பெற்ற ஆறாம் குகையின் திருமால் உருவங்களிலேயே கதையும் ஆழியும் ஆள்வடிவு பெற்றுள்ளன. அங்கு அவை இறைவனின் கைக்கீழ் நிற்கும் சிற்றுருவங்கள்; பல்லவச் சிற்பியோ படைக்கலத்தை வாயிலுக்குக் கொணர்ந்து ஆளுயரக் காவலராக்கினான். இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. இக்காவலரின் கடுமை முகத்தில் இல்லை, அவர் இன்ன படைக்கலம் என்னும் அடையாளத்தில் உள்ளது.

எல்லாக் குடைவரைகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தும் எனக் கூறவியலாது. கொம்பும் மழுவும் இல்லாத இணைகளும் உள. சிற்பிகள் எல்லாரும் இக்குறிப்பை அறிந்தே செதுக்கினர் எனக் கொள்ளவும் வேண்டுவதில்லை.

அடையாளம் மங்கிய பின்னரே முகம் கடுமையுற்றது என்பது எம் கருத்து. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் காவலர் நான்கு கைகளும் கோரைப்பற்களும் கொண்ட பேருருவினர். ஒரு கை சுட்டுவிரலால் எச்சரிக்கிறது. மற்றொன்று உள்ளிருப்பவனின் பெருமையை வியக்கிறது. தண்டைச் சுற்றிய பாம்பு யானையை விழுங்கும் காட்சியும் அங்குண்டு. இவர்களைச் சண்டி, முண்டி என்று வழங்கும் பிற்கால வழக்கில் படைக்கலத்தின் நினைவு சிறிதும் இல்லை. ஆயினும் சோழர் காலக் காவலர் பலரின் மகுடத்தில் சிறியதொரு திரிசூலம் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். முன்னர் உடலாகவே நின்ற படைக்கலம் அங்கு அணியாகச் சுருங்கிவிட்டது.