எல்லை தாண்டி ஆடிய வேல்ஸ் கிளப்புகள்

வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1992-இல் 20 அணிகளுடன் தனி தேசிய லீக்கைத் தொடங்கியது. சொந்த லீக் இல்லாவிட்டால் சர்வதேச அரங்கில் வேல்ஸின் தனி இடம் பறிபோகலாம் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்துப் போட்டிகளில் ஆடிவந்த சிறு கிளப்புகளும் புதிய லீக்குக்கு மாற வேண்டும் என்றது சங்கம். எட்டு கிளப்புகள் முரண்டு பிடித்தன. அவற்றுள் பேங்கர், நியூடவுன் ஆகியவை லீக் தொடங்கும் முன்பே இணங்கின. தாமதமாக மனம் மாறிய ரில், ஒரு படி கீழே சேர வேண்டியதாயிற்று.

மசியாத கிளப்புகளுக்குச் சொந்த மைதானத்தில் ஆடவே தடை விழுந்தது. சங்கம் இவ்வளவு கடுமை காட்டியிருக்க வேண்டியதில்லை. நியூபோர்ட் தன் உள்ளூர் ஆட்டங்களை இங்கிலாந்தின் குளோஸ்டரில் நடத்தியது. ஊர்ப் பெயரைச் சுமந்த அணியைப் பார்க்க, ஊர்க்காரர்களே எல்லை தாண்டிப் போனார்கள். பேரி ஒரே பருவத்தில் சலித்து 1993-இல் வேல்ஸ் கால்பந்து அமைப்புக்குத் திரும்பியது. மற்றவை நீதிமன்றம் சென்று 1995-இல் வென்றன. வென்ற கையோடு கார்னர்வன் வேல்ஸ் லீக்கிலேயே சேர்ந்தது வேடிக்கைதான். நியூபோர்ட் இங்கிலாந்திலேயே நீடித்து, 2013-இல் நான்காம் நிலை லீக்குக்கு உயர்ந்தது. கால்வின் பே 2019-இல் தானாகவே வேல்ஸ் பக்கம் மாறியது.