குடியை விட்டோர் கூடிய வரலாறு



விழா மலரில் கோயில் கட்டிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் வேறொரு வரலாற்றை எழுதத் துணிகிறேன். நம் கரிசல் ஊர்களில் தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் ஈட்டும் கூலியில் ஒரு பங்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத் தியானத்தின் முடிவில், குடிப்பழக்கமுள்ள ஆண்களைப் பீடத்தின் முன் நிறுத்திச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வைத்தேன். அவர்களுள் ஒருவர் உயிர்ப்புப் பெருவிழா கழிந்து சில நாட்களில் மீண்டும் குடித்தார். பிறகு கோயில் பக்கமே வரவில்லை. விசாரித்தபோது அவர் மனைவி, "சத்தியத்த மீறிட்டாராம் சாமி. எந்த மொகத்த வச்சிக்கிட்டு வாரதுங்காரு" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

சத்தியம் வாங்கும் முறை புதிதல்ல. அயர்லாந்தின் கார்க் நகரில் கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மாத்யூ 1838 ஏப்ரல் 10-ல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் வாக்குக் கொடுத்தார்கள். 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அது தளர்ந்து போயிற்று. டப்ளின் கூலித் தொழிலாளி மாட் டால்பட் 1884-ல் மூன்று மாதத்திற்கென்று கொடுத்த வாக்கை 1925-ல் இறக்கும் வரை காத்தார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. எல்லாருக்கும் அந்த வரம் வாய்ப்பதில்லை.

சட்டத்தின் கதையோ நம் வீட்டுக் கதை. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-ல் நீங்கி, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது.

மூன்றாவது வழியொன்று 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்த வியாபாரம் முறிந்தது. தங்கிய ஹோட்டலின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசியும் ஊர்க் கோயில்களின் பட்டியலும். அவர் பட்டியலின் பக்கம் நடந்தார். ஒரு போதகருக்குப் போன் செய்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். (இப்படியொரு போன் எனக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ!) பல கை மாறி, மறுநாள் மாலை டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் போதும் என்று வந்த மருத்துவர் ஆறு மணி நேரம் இருந்தார். காரணம், பில் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார்.

அந்த மருத்துவரும் சில வாரங்களில் ஒருமுறை தவறி விழுந்தார். அவரை யாரும் தள்ளிவிடவில்லை. அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் இயக்கம், தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. குடிநோயாளிகளை மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய காலத்தில், 1939-ல் ஆக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியா அவர்களுக்குப் படுக்கை கொடுத்தார். வீடு திரும்புவோர் கையில் திருஇருதயப் பதக்கம் ஒன்றைத் தந்து, குடிப்பதற்கு முன் இதை என்னிடம் திருப்பித் தரவேண்டும் என்பாராம். இயேசு சபைக் குரு எட்வர்டு டவ்லிங், அவர்களுடைய பன்னிரு படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளின் சாயலைக் கண்டார். ஆயினும் இயக்கம் எந்த மதத்தையும் சார்ந்ததன்று. 1957-ல் பம்பாயில் வேரூன்றி, பின்னர் தமிழகத்திற்கும் வந்தது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. சிகிச்சை மையம் போன்றவை மருத்துவத்தையும் குடும்பத்தையும் இணைத்துக் காட்டின.

நான் குறிப்பிட்ட சகோதரரைப் பிறகு கூட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். அதற்கு முன் மருத்துவரிடம் காட்டினோம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து. கூட்டத்துக்கு வேற்றூரைத்தான் அவர் கேட்டார். நம்மூரில் யார் எந்தப் பேருந்தில் ஏறினார் என்பது தேநீர்க் கடைக்கு உடனே தெரிந்துவிடுமே. அது யாரும் வரக்கூடிய திறந்த கூட்டம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். கட்டணமில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. என்னைச் செபிக்கவோ பேசவோ எவரும் அழைக்கவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். குருமடத்தில் கற்காததைக் கற்றேன். ஒருவர் தாம் மூன்றாம் முறை விழுந்ததைச் சொன்னபோது நம் சகோதரர் தலை நிமிர்ந்தார்.

இப்போது வாரந்தோறும் இரண்டு பேருந்து மாறிப் போய் வருகிறார். இடையில் ஒருமுறை விழுந்தார். அடுத்த வாரமும் போனார். கோயிலுக்கு இன்னும் வாசல் வரைதான்.

மறைக்கல்வி அறை வார நாட்களில் இரவு பூட்டியே கிடக்கிறது. அதை ஒரு குழுவுக்குத் திறந்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். தங்கள் செலவைத் தாங்களே ஏற்பது அவர்கள் மரபு. சிறு வாடகை தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் உள்ளே போகமாட்டேன். பின்புறச் சந்துக் கதவின் விளக்கை மட்டும் அன்று அணைத்து வைக்க உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.